துப்பறிவாளர் தேடாத பத்திரம்

துப்பறியும் நாவல் என்றாலே முகம் சுளிக்கும் வழக்கம் தமிழ்த்துறைகளில் நெடுங்காலமாக உண்டு. மாணவப் பருவத்தில் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்ததைப் பேராசிரியரான பின் மேடையில் சொல்ல நாணுகிறோம். ஆயினும் தமிழ் உரைநடையை எளிய வாசகரிடம் கொண்டு சேர்த்ததில் அந்நாவல்களுக்குப் பெரும் பங்குண்டு. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-இல் வெளிவந்தது. அதில் வரும் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ் என அவ்வரிசை நீண்டது. (வடுவூராரின் 'மேனகா'வில் வஞ்சகத்தில் சிக்கிய நாயகியைக் காப்பவள் நூர்ஜஹான் என்னும் முஸ்லிம் மங்கை. நம் மாணவியர் எவரேனும் அதனை ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம்.)

இவ்வகைக் கதைகள் பலவற்றில் துப்பறிவாளர் வந்து நிற்கும் இடம் ஒரு செல்வர் வீட்டு வாயில். பெரியவர் மறைந்துவிட்டார், உயிலைக் காணவில்லை, அல்லது கிடைத்த உயில் மெய்யானதன்று. இரும்புப் பெட்டி, மறைவான அறை, மாறுவேடம் என்று கதை விரைகிறது. படிக்கச் சுவையாகவே இருக்கிறது. ஆனால் இக்கதைகள் நம் உள்ளத்தில் ஒரு பிழையான எண்ணத்தை ஊன்றிவிட்டன என்பது என் கருத்து. வாரிசுரிமை பறிபோவது இருளில், களவாக நிகழ்கிறது என்று நம்பிவிட்டோம். நம் ஊர்களில் அது பட்டப்பகலில், அரசு அலுவலகத்தில், முத்திரைத்தாளில், இரு சாட்சிகள் முன்னிலையில் நிகழ்கிறது.

நான் பிறந்து வளர்ந்த காஞ்சிபுரத்தில், எனக்குத் தெரிந்த ஒரு பட்டு வணிகர் இல்லத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் யார் என்பது இங்கு வேண்டா. குடும்பத் தலைவர் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரராக வாழ்வைத் தொடங்கியவர். கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும் என்பதைக் காஞ்சியில் குழந்தைகளும் அறிவர். நெய்பவர் அமர்ந்திருக்க, பக்கத்தில் ஒருவர் இருந்து மறுபக்கக் கரைக்கான நாடாவை வீச வேண்டும். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் அந்தப் பக்கத்தில் அமர்ந்திருந்தவள் அவருடைய மூத்த மகள். தறி நான்காகிப் பத்தாகிப் பின்னர்க் கடையாக வளர்ந்தது. பெரியவர் உயில் எழுதாமலே காலமானார். மக்கள் நால்வர், இருவர் ஆண், இருவர் பெண்.

சில ஆண்டுகளில் அண்ணன் தம்பியரிடையே ஐயம் முளைத்தது. தந்தை சேர்த்த பொருளில் ஒரு பகுதியை அண்ணன் மறைத்துவிட்டார் என்று கருதிய தம்பி, சென்னையிலிருந்து தனியார் துப்பறிவாளர் ஒருவரை அமர்த்தினார். அவர் முகூர்த்தச் சேலை எடுக்க வந்த பெண்வீட்டார் போல் கடைக்கு வந்தார். வேலைக்காரப் பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தார். கணக்கப்பிள்ளையைச் சிற்றுண்டிச் சாலைக்கு அழைத்துச் சென்றார். சில நாள்களில் ஓர் இரகசியத்தையும் கண்டுபிடித்துவிட்டார். அது சொத்தைப் பற்றியதன்று. அண்ணனின் தனிவாழ்வைப் பற்றியது. அதனால் ஒரு குடும்பம் சிதைந்தது. மறைத்து வைக்கப்பட்ட சொத்து எதுவும் அகப்படவில்லை.

அந்த ஆரவாரம் அடங்கிய பின் மூத்த மகள் ஒரு நாள் என்னிடம் வந்தார். "சார், அப்பா காரியம் முடிஞ்ச வாரம் பட்டா மாத்தணும்னு தம்பிங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. நானும் தங்கச்சியும் கையெழுத்துப் போட்டோம். அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். அவர் எடுத்து வந்திருந்த ஒளிநகலைப் படித்தேன். அது விடுதலைப் பத்திரம். எவ்வித வற்புறுத்தலுமின்றி மனப்பூர்வமாகத் தம் பாகங்களைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்ததாகவும், அதற்கான தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாகவும் அதில் எழுதியிருந்தது. தொகை எவ்வளவு வந்தது என்று கேட்டேன். ஆளுக்கொரு சேலை எடுத்துக் கொடுத்தார்கள் என்றார். அச்சேலை கோர்வையா என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் வந்தது. உயிலின்றி இறந்த தந்தையின் சுயார்ஜிதச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று அச்சட்டமே கூறிவிட்டது. பூர்விகச் சொத்திலும் மணமாகாத மகளுக்கு உரிமையளித்துத் தமிழ்நாடு 1989-இல் திருத்தம் செய்தது. 2005-இல் நாடு முழுமைக்கும் அது விரிந்து, மணமானவரையும் உள்ளடக்கியது. எனவே அந்த இரு பெண்களுக்கும் சட்டத்தில் குறையில்லை. துப்பறிவாளர் கண்ட இரகசியத்திற்கு ஆயிரமாயிரமாகச் செலவிட்ட குடும்பத்தில், எவர் வேண்டுமானாலும் நகல் பெறக்கூடிய இப்பத்திரத்தை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை அண்ணனுக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை. இருவரும் அதனால் பயனடைந்தவர்களே.

ஷெர்லாக் ஹோம்ஸை எடுத்துக்கொள்வோம். ஆர்தர் கோனன் டாயில் 1892-இல் எழுதிய 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்' என்னும் கதை பாம்புக்காகவே நினைவில் நிற்கிறது. மனைவி விட்டுச் சென்ற சொத்தின் வருவாயை நுகரும் ஒருவன், மாற்றாந்தந்தையாகத் தான் வளர்க்கும் பெண்கள் மணம் முடித்துச் சென்றால் தம் பங்கைக் கொண்டுபோய்விடுவர் என்று அவர்களைக் கொல்லத் துணிகிறான். இரவில் அம்மாளிகைக்குள் புகுமுன் ஹோம்ஸ் பகலில் என்ன செய்தார்? ஆவணக் காப்பகத்திற்குச் சென்று அந்த அம்மையாரின் உயிலைப் படித்து, எந்த மகளுக்கு எவ்வளவு என்று தாளில் கணக்கிட்டுக்கொண்டு வந்தார். கதையின் பாதி மர்மம் அங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. நம் எழுத்தாளர்கள் ஹோம்ஸின் கூர்மையையும் வேடங்களையும் விரும்பி எடுத்துக்கொண்ட அளவுக்கு அந்தக் காலைநேரத்தை எடுத்துக்கொள்ளவில்லையோ என்று தோன்றுகிறது.

நம் மண்ணிலேயே ஒரு பெருவழக்கு உண்டு. 1801-இல் ஆங்கிலேயரிடமிருந்து சிவகங்கை ஜமீனைப் பெற்ற கௌரி வல்லபப் பெரிய உடையத் தேவர் 1829-இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். தமையன் வழியினர் ஜமீனைக் கைக்கொண்டனர். மனைவியரும் பெண்மக்களும் நீதிமன்றங்களை நாடினர். ஒரு தலைமுறைக் காலம் வழக்கு நடந்து, 1863-இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலில் மகள் காத்தம நாச்சியார் வென்றார். குடும்பம் கூட்டுக் குடும்பமாகவே இருந்தாலும், ஒருவர் தனித்துப் பெற்ற சொத்து அவருடைய மனைவிக்கும் பின்னர் மகளுக்கும் சேரும் என்பது தீர்ப்பின் சாரம். தந்தை 1956-க்கு முன் இறந்துபோன சேலம் மாவட்டத்து வழக்கொன்றில் மகளின் உரிமையை உச்சநீதிமன்றம் 2022-இல் நிலைநாட்டியபோது, இப்பழந்தீர்ப்பும் எடுத்தாளப்பட்டது. இவ்வளவு கதைச்சுவையுள்ள வாழ்வு நம் நாவலாசிரியர்களின் கண்ணில் போதிய அளவு படாதது வியப்பே.

இனி நம் சமுதாயத்திற்கு வருகிறேன். பெரியோர் பொறுத்தருள வேண்டும். திருக்குர்ஆனின் 'அந்நிஸா' அத்தியாயம் மகள், மனைவி, தாய் ஆகியோரின் பங்குகளைப் பின்னக் கணக்காகவே வகுத்து வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரணசாசனம் எழுத, மற்ற வாரிசுகளின் இசைவு இன்றியமையாதது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கியிருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் செய்து அந்த விலக்கையும் நீக்கியது. ஆகவே உயிலைத் தேடி இரும்புப் பெட்டியை உடைக்கும் துப்பறிவாளருக்கு நம் இல்லங்களில் பெரும் வேலையில்லை. ஆயினும் "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன பங்கு?" என்ற குரலை ஒலிமுகமதுபேட்டையில் நான் கேட்டிருக்கிறேன், வேறு ஊர்களிலும் கேட்டிருக்கிறேன். விடுதலைப் பத்திரம் சமயம் பார்த்து வருவதில்லை.

பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும் அதே மறை, 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தில் விலக்கியிருக்கிறது. தனியார் துப்பறியும் நிறுவனங்களை நெறிப்படுத்த 2007-இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. காவலாளிகளை அனுப்பும் நிறுவனத்திற்கு உரிமம் வேண்டும் என 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தைப் பின்தொடர்பவருக்கு அத்தகைய சட்டம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017-இல் கூறிய பின்னரும் நிலை இதுதான்.

பதிவுத்துறையின் ஏடுகளோ திறந்தே கிடக்கின்றன. வில்லங்க விவரத்தை இன்று இணையத்திலேயே பார்க்கலாம். பதிவான உயிலின் நகலை, எழுதியவர் இறந்த பின் விண்ணப்பிக்கும் எவருக்கும் தர வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. நம் மஹல்லாக்களில் நிக்காஹ் பதிவேடு ஒழுங்காகப் பேணப்படுகிறது. அதனருகே இன்னொரு ஏடு வைத்து, ஒருவர் மறைந்தால் அவருடைய வாரிசுகளின் பெயரையும் உரிய பங்கையும் எழுதி, பெண்மக்கள் அறியும்படி வாசித்துக் காட்டினால் என்ன? அதற்குப் பெருஞ்செலவில்லை. தமிழ்த்துறை மாணவர்கள் விடுமுறையில் தம் தெருவில் உள்ள தாய்மாருக்குப் பத்திரம் படித்துச் சொல்லலாம். பத்திரத் தமிழ் தனித்தமிழும் அன்று, பேச்சுத் தமிழும் அன்று. அதற்கென்று ஒரு வகுப்பு வைத்தாலும் தகும்.

அந்த மூத்த மகள் பின்னர் வழக்கறிஞரைப் பார்த்தார். ஏமாற்றிப் பெற்ற பத்திரத்தை நீக்கக் கோர, உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கெடு என்று அவர் சொன்னாராம். உண்மை எந்நாளில் தெரிந்தது என்று கேட்டபோது, நான் படித்துச் சொன்ன நாளைத் தேதியிட்டுக் கொடுத்திருக்கிறார். என்னைச் சாட்சிக்கு அழைக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.