எதிரும் புதிருமாக இருந்தால் என்ன?



பெண்ணுக்கு முதல் கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். கணவனை இழந்தவள் மறுமணம் செய்துகொள்ள நினைத்தால் மட்டும் பதினோராவதாக ஒரு பொருத்தம் வந்து நிற்கிறது. "ஊர் என்ன சொல்லும்?" என்பதுதான் அது. அதையும் தாண்டி வந்தால், "இவ குணத்துக்கும் அவன் குணத்துக்கும் எப்படி ஒத்துப்போகும்?" என்று முட்டுக்கட்டை போடுகிறோம். அப்படிப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் நாத்தனார் வாயாடி. அவள் சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். எதையும் பட்டென்று பேசுவாள், சட்டென்று முடிப்பாள். 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் அவள் கணவர் போய்விட்டார். நாலு வயசு மகனோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்தவளிடம் பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் அரும்பாவூர், பச்சைமலை அடிவாரத்து ஊர். மரச்சிற்பத்துக்குப் பேர் போனது. 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் சிற்பிகளில் ஒருவர் எங்களுக்குத் தூரத்து உறவு. மனைவி நோயில் இறந்து, ஒன்பது வயசு மகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை பேசினால் அதில் ரெண்டு "சரி"யாக இருக்கும். ஒரு சாமி சிலையின் விரல்களைச் செதுக்க மூன்று நாள் உட்காருகிற மனுஷன்.

2022 ஜூனில் மகளுக்குச் சீருடை தைக்கத் துணியோடு வந்தார். அளவுக்குப் பழைய பாவாடை ஒன்றை நீட்டினார். "வளர்ற பிள்ளைக்குப் போன வருஷத்துப் பாவாடையிலயா அளவு எடுப்பாங்க? பொண்ணைக் கூட்டிட்டு வாங்க" என்று இவள் அதட்டினாள். "சரி" என்று போய், மறுநாள் மகளோடு வந்தார். வந்த இடத்தில் மெஷின் மேசைப் பலகை விரிசல் விட்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து வேப்பம் பலகை ஒன்றை இழைத்து எடுத்து வந்து, தானே மாட்டிக் கொடுத்தார். துணி மாட்டாதபடி ஓரமெல்லாம் மழுக்கியிருந்தது.

"ஒரு பலகைக்கு மூணு வாரமா? அதுக்குள்ள நான் முப்பது ஜாக்கெட் தைச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அந்தச் சிரிப்பு அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வயிற்றில் புளியைக் கரைத்தது.

சில மாதம் கழித்து அவர் பெரியவர்கள் மூலம் பெண் கேட்டபோது, முதலில் எதிர்த்தது நான்தான். "இவ காத்து, அவரு பாறை. எப்படி ஒத்துவரும்?" என்றேன். உண்மைக் காரணம் அது இல்லை, தோழிகளே. மாமியாரைக் குளிப்பாட்டி விடுவது, என் பிள்ளைகளைப் படிக்க வைப்பது, பாதிச் சமையல் எல்லாம் அவள்தான் பார்த்தாள். அவள் போய்விட்டால் அத்தனையும் என் தலையில் விழும். என் சௌகரியத்துக்கு ஊர் பேச்சைத் துணைக்கு அழைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்கு என் மாமியார் ஒரு வார்த்தை சொன்னார். "நான் முப்பத்துநாலு வயசுல தாலி அறுத்தவ. உனக்கு என்ன வேணும்னு என்னை ஒருத்தரும் கேக்கல. அவளையாவது கேளுங்க." அதற்கு மேல் யாருக்கும் பேச வாய் வரவில்லை. கேட்டோம். "அவரு பேசாம இருக்கிறது எனக்குப் பயமா இல்ல அண்ணி. நான் பேசறதை முழுசாக் கேக்கறாரு" என்றாள். 2023 ஆவணியில் கோயிலில் கல்யாணம் நடந்தது. கையோடு பதிவும் செய்தோம்.

இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்தது 1856-ல். புனேயில் கணிதப் பேராசிரியராக இருந்த கார்வே, முதல் மனைவியை இழந்த பிறகு, 1893-ல் ஒரு விதவையை மணந்தார். எட்டு வயதிலேயே கணவனை இழந்த அந்தப் பெண், பண்டித ரமாபாயின் சாரதா சதனத்தில் படித்தவர். கல்யாணத்துக்குப் பின் ஆனந்திபாய் என்று பெயர். அவர் கூச்ச சுபாவம், இந்த அம்மா மனதில் பட்டதைச் சொல்பவர். அவருடைய சொந்த ஊரே அவர்களை ஒதுக்கி வைத்தது. அவர் சம்பாத்தியத்தைப் பொதுக் காரியத்துக்குக் கொடுக்க, வீட்டுப் பாரத்தை அந்த அம்மா சுமந்தார். 1896-ல் விதவைகளுக்கு ஓர் இல்லம், 1916-ல் பெண்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் என்று வளர்ந்தது அவர் தொண்டு. 1958-ல் பாரத ரத்னா பட்டம் கிடைத்தது. நம் தமிழ்நாட்டிலும் 1930-லேயே தமிழறிஞர் சாமி சிதம்பரனார், விதவையான சிவகாமி அம்மையாரை ஈரோட்டில் சுயமரியாதை முறையில் மணந்தார்.

இத்தனை வருஷம் ஆகியும், "பொண்டாட்டி செத்தா புருஷன் புது மாப்பிள்ளை" என்று பழமொழி சொல்கிற நாம், புருஷன் செத்தவளுக்கு ஒரு பழமொழி வைக்கவில்லை. மூலையைத்தான் வைத்திருக்கிறோம்.

சொத்து போய்விடும் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. 1856 சட்டப்படி, மறுமணம் செய்தால் முதல் கணவர் சொத்தில் உரிமை போனது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்தையே 1983-ல் நீக்கிவிட்டார்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவர் இறந்தபோது அவளுக்கு வந்த பங்கு, மறுமணம் செய்ததால் போகாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிள்ளையின் பங்கும் பிள்ளைக்குத்தான். இதை இரண்டு வீட்டாரும் முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் சண்டை இல்லை.

நம் மாநில அரசில் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் 1975-ல் தொடங்கிய விதவை மறுமண உதவித் திட்டம் உண்டு. நாங்கள் விண்ணப்பித்தபோது, பட்டம் படிக்காதவர்களுக்கு 25,000 ரூபாய், பட்டம், பட்டயம் படித்தவர்களுக்கு 50,000 ரூபாய், தாலிக்கு 8 கிராம் தங்கம் என்று இருந்தது. வருமான வரம்பு இல்லை. கல்யாணம் ஆன ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். மணமகனுக்கு 40 வயதுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நாற்பத்தைந்து வயசுக்காரருக்குத் துணை வேண்டாமா? அரசு இதை மாற்ற வேண்டும்.

எல்லாம் தேனாக ஓடுகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். மரச் செதிளோடு வீட்டுக்குள் வருகிறார் என்று இவள் கத்துகிறாள். கோபம் வந்தால் அவர் ரெண்டு நாள் பேசுவதில்லை. அவர் மகள் ஒரு வருஷம் வரை இவளை "அத்தை" என்றுதான் கூப்பிட்டாள். "அம்மான்னு சொல்லு" என்று இவள் ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. இப்போது இரண்டும் கலந்து வருகிறது. இவள் பையனோ பட்டறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மரத்துண்டில் யானை செதுக்குகிறான். அவனைப்போல ஓரிடத்தில் உட்காராத பையனை நான் பார்த்ததில்லை!

ஒரே மாதிரி குணம் இருந்தால்தான் குடும்பம் நடக்கும் என்பது சரியில்லை. ஒருமுறை எல்லாம் இடிந்து போய்ப் பார்த்தவர்களுக்கு, அடுத்தவரிடம் எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. அவள் அவசரத்துக்கு அவர் நிதானம் அணை. அவர் மௌனத்துக்கு அவள் பேச்சு ஜன்னல்.

உங்கள் வீட்டிலும் ஒரு நாத்தனாரோ, தங்கையோ, மகளோ குனிந்த தலையோடு இருக்கலாம். எல்லோரும் மறுமணம் செய்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அதுவும் அவள் இஷ்டம்தான். ஆனால் "உனக்கு என்ன வேணும்?" என்று ஒருமுறை கேளுங்கள். பதில் சொல்ல அவளுக்கு நேரம் கொடுங்கள். முட்டுக்கட்டை போடும் முன், அது அவள் நல்லதுக்கா, நம் சௌகரியத்துக்கா என்று என்னைப்போல் தாமதமாக யோசிக்காமல், முதலிலேயே யோசித்துப் பாருங்கள்.

நான் சொல்வது சரிதானே, தோழிகளே?

— ஒரு வாசகி, அரும்பாவூர்.