பல்லியம்: போர்வையா, உயிரா?

பல வாத்தியங்களை ஒருங்கே இசைக்கும் ஓர்க்கெஸ்ராவைத் தமிழிற் பல்லியம் எனலாம். மேனாட்டு றொக் இசையிற் புகழ்பெற்ற பழம்பாடல்களைப் பிறர் மீளப் பாடுங்கால், பல்லியத்தைத் துணை சேர்ப்பது இன்று பெருவழக்காகிவிட்டது. அதனாற் பாடல் உயர்கின்றதா, தாழ்கின்றதா என்பது இசை விரும்புவோரிடை அடிக்கடி எழும் வினா. அதற்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடையை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

முதலில் என் பழைய தவற்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மின் கிற்றாரின் கரகரப்பையும் முரசின் அதிர்ச்சியையும் வெற்றோசையென்று ஒதுக்கியவன் நான். அத்தகைய பாடலொன்றை வயலின்கள் பல சேர்ந்து இசைக்கக் கேட்டபொழுது, "இப்பொழுதன்றோ இது சங்கீதமாயிற்று!" என்று மகிழ்ந்தேன். நெடுநாட் கழித்தே ஓருண்மை புலப்பட்டது. நான் மகிழ்ந்தது பாடலின் சிறப்பைக் கண்டன்று. எனக்குப் பழக்கமான கௌரவ உடையை அது அணிந்து வந்தமை கண்டே. நம்மிற் பலர் பல்லியத்தைப் புகழ்வதற்குக் காரணம் இதுவேயென அஞ்சுகின்றேன்.

பல்லியம் கேடு செய்யுமாற்றைக் காட்ட, மீள்பாடலன்றாயினும், பீற்றில்ஸ் குழுவினரின் 'த லோங் அன்ட் வைண்டிங் றோட்' என்னும் பாடலின் வரலாறு தக்க சான்றாகும். 1969 சனவரியிற் போல் மக்காட்னி அதனைப் பியானோவுடன் எளிமையாகப் பாடிப் பதிவுசெய்தார். 1970 ஏப்பிரலிற் பில் ஸ்பெக்ரர் என்னும் தயாரிப்பாளர், அவரது இசைவின்றியே, 18 வயலின்களையும் யாழையும் ஊதுகுழல்களையும் 14 பெண்களின் சேர்ந்திசையையும் அதன்மேல் ஏற்றினார். தனிமையில் உருகிய குரலொன்று திருமண மண்டபத்தின் நடுவே நின்று பாடுவதுபோலாயிற்று. குழுவின் கூட்டுறவைக் கலைக்கத் தொடுத்த வழக்கில், மக்காட்னி கூறிய காரணங்களுள் இதுவும் ஒன்று. அப்பாடல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றதென்பதும் உண்மையே. ஆயினும், அவ்வலங்காரம் நீங்கிய வடிவம் 2003 ஆம் ஆண்டு வெளிவந்தபொழுது, அலங்காரமின்மையாற் பாடல் எதனையும் இழக்கவில்லையென்பதைக் கேட்டவர் அறிந்தனர்.

அதே மக்காட்னி 1965 ஆம் ஆண்டு பாடிய 'யெஸ்ரடே'யில், ஜோர்ஜ் மாட்டின் நரம்பு வாத்தியங்கள் நான்கினை மட்டுமே சேர்த்தார். அங்கே முரசு இல்லை. குழுவின் ஏனைய மூவரும் இல்லை. அவ்வெற்றிடத்தை நிரப்பும் கடமை அந்நான்கு வாத்தியங்களுக்கு உண்டு. ஆதலின் அவை மிகையாகத் தோன்றுவதில்லை.

மீள்பாடலுக்கும் இவ்விதி பொருந்தும். டேவிட் போவி 1977 இற் பேர்லின் நகரிற் பதிவுசெய்த 'ஹீரோஸ்' பாடலை, 2010 ஆம் ஆண்டிற் பீற்றர் கேபிரியல் மீளப் பாடினார். முரசும் கிற்றாரும் கூடாவென்று அவ்விசைத்தட்டு முழுவதற்கும் அவர் தமக்கே விதி வகுத்துக்கொண்டார். போவியின் பாடலில் மின் கிற்றார் இடையறாது முழங்க, குரல் அதன்மீது ஏறி நின்று அறைகூவுகின்றது. கேபிரியலிடத்தோ நரம்பிசை மெல்லத் தொடங்கிப் படிப்படியாக உயர, நம்பிக்கையிழந்த ஒருவன் தன்னைத் தானே தேற்றுவது கேட்கின்றது. ஒரே பாடலுள் மறைந்து கிடந்த வேறொரு பொருளைப் பல்லியம் வெளிக்கொணர்ந்தது. இதுவே அதனாற் பெறத்தக்க பெரும்பயன்.

எனினும், நீக்குதலே வெற்றியைத் தருமென்று கொள்ளலாகாது. அதே இசைத்தட்டிற் போல் சைமனின் 'த போய் இன் த பபிள்' என்னும் 1986 ஆம் ஆண்டுப் பாடலும் உண்டு. ஆபிரிக்க இசைஞரின் அக்கோடியனும் துள்ளும் தாளமுமே அதன் மூச்சு. அவற்றை நீக்கி மெதுவாக இசைத்தபொழுது, சொற்களின் அச்சம் மிகுந்ததாயினும், அவ்வச்சத்தோடு மல்லாடிய களிப்பு மாண்டது. ஆதலின் எதனை நீக்கினாற் பாடல் வாழும், எதனை நீக்கினால் மாளும் என்று முன்னரே ஆராய்தல் வேண்டும்.

இறந்தோர் குரலுக்குப் பல்லியம் சேர்ப்பதும் இன்று நிகழ்கின்றது. 1977 இல் மறைந்த எல்விஸ் பிறெஸ்லியின் பழைய பதிவுகளுக்கு இலண்டன் றோயல் பில்ஹார்மோனிக் குழுவினர் இசை சேர்த்த தட்டு 2015 இல் வெளிவந்து, பிரித்தானியாவில் முதலிடமும் பெற்றது. அக்குழுவினரின் திறமையிற் குறையில்லை. ஆயினும், புதிய இசையைக் கேட்டுப் பாடகர் தம் குரலை ஏற்றவோ இறக்கவோ இயலாது. உரையாடலாக இருக்கவேண்டிய இசை அங்கே ஒருவழிப் பேச்சாகிவிடுகின்றது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. வயலின் மேனாட்டிலிருந்து வந்த வாத்தியம். பாலுசுவாமி தீட்சிதர் முதலியோர் அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினர். அது மேடையை மதிப்புறச் செய்யும் பொருட்டு வந்ததன்று. பாடுவோரின் கமகத்தைப் பின்பற்றக் கற்று, அவருக்கு மறுமொழி கூறக் கற்றபின்னரே நம் அரங்கில் நிலைபெற்றது.

ஆகவே, இசையரங்குக்குப் பழம்பாடலொன்றை அமைக்க முற்படும் நம் மாணவருக்கு ஒரு சொல். எத்தனை வயலின் கிடைக்குமென்று முதலில் எண்ணாதீர்கள். இப்பாடலில் எந்த வாத்தியத்தின் வேலையைப் பல்லியம் ஏற்கப்போகின்றது என்று வினவுங்கள். விடை கிடைத்தால் அஞ்சாது அமையுங்கள். கிடைக்காவிடின், கிற்றாரையும் முரசையும் அவற்றின் கரகரப்போடும் அதிர்ச்சியோடும் விட்டுவிடுங்கள். அவை எவருடைய பொன்முலாமையும் வேண்டி நிற்கவில்லை.