பிறந்தநாள் மிட்டாயும் நம் பற்களும்

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்றனர் நம் முன்னோர். இன்று நம்மில் யாரும் ஆலங்குச்சியையோ வேலங்குச்சியையோ தேடிச் செல்வதில்லை. நாள்தோறும் பற்பசை கொண்டு பல் துலக்குகிறோம். ஆயினும், "சொத்தைப் பல் இல்லாதவர்கள் கை உயர்த்துங்கள்" என்று எங்கள் வகுப்பில் ஒரு நாள் ஆசிரியை கேட்டபோது, உயர்ந்த கைகள் மிகச் சிலவே!

அன்று கை உயர்த்தாதவர்களுள் எங்கள் அன்புத் தோழி ஒருத்தியும் இருந்தாள். இரண்டாம் வகுப்பில் படிக்கும்போதே அவளுடைய கடைவாய்ப் பல்லில் கறுப்புப் புள்ளி விழுந்ததாம். "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஆனால் அது பால் பல் அன்று. ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் நிலைப்பல் அது. வலி பொறுக்க முடியாமல் அதைப் பிடுங்கிய பின், அவ்விடத்தில் வேறு பல் முளைக்கவில்லை. பதினைந்து வயதில் அவள் ஒரு பக்கமாகவே மென்று உண்கிறாள்.

பல் சொத்தையாவது எவ்வாறு? பல்லின் மேலுறையாகிய எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எலும்பு முறிந்தால் மீண்டும் கூடும். எனாமலில் குழி விழுந்தாலோ அது தானே வளர்ந்து மூடாது. நாம் இனிப்பு உண்டதும், பல்லில் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் அச்சர்க்கரையை அமிலமாக்குகின்றன. வேதியியல் பாடத்தில் நாம் படித்த பி.எச். அளவு அங்கே ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால், எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களை மெல்ல மெல்லத் திரும்பப் படிய வைக்கிறது. அமிலம் தணியவே அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் இன்னொரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டால், உமிழ்நீர் கட்டுகின்ற சுவரை நாமே இடிக்கிறோம் அல்லவா? ஆகவே, எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதோடு, எத்தனை முறை உண்கிறோம் என்பதும் மிக முக்கியம்.

இவ்வுண்மையை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது சுவீடன் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு. லுண்ட் நகரின் விப்பேஹோல்ம் மருத்துவமனையில் அது 1945இல் தொடங்கி, முடிவுகள் 1954இல் வெளியாயின. உணவு வேளையில் சர்க்கரை கலந்த பானம் அருந்தியவர்களுக்குச் சொத்தை பெரிதாகக் கூடவில்லை. வேளைகளுக்கு இடையே ஒட்டும் டாஃபிகளை உண்டவர்களுக்கோ மிக வேகமாகக் கூடியது. டாஃபியை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்தது.

ஆனால் அந்த டாஃபிகளை உண்டவர்கள் யார்? அறிவுசார் குறைபாடு உடையவர்களாய் அங்கே தங்கியிருந்த நோயாளிகள். "உங்கள் பல் கெடலாம், சம்மதமா?" என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. இதை அறிந்தபோது எங்கள் மனம் வேதனைப்பட்டது. பேச இயலாதவர்களின் பற்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற பாடம் இது. நாம் அதைப் படித்தும் பின்பற்றாவிட்டால் அவர்களுக்கு இரண்டாம் முறை அநீதி செய்தவர்கள் ஆவோம். சுவீடன் மக்கள் அப்பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். வாரத்தில் ஒரே நாள், சனிக்கிழமை மட்டும், குழந்தைகளுக்கு மிட்டாய் என்ற வழக்கம் அங்கே பரவி இன்றும் பல வீடுகளில் தொடர்கிறது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். காலை வணக்கம் முடிந்ததும் பிறந்தநாள் கொண்டாடும் மாணவி மிட்டாய்ப் பெட்டியுடன் வருகிறாள். கிடைத்த மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கணக்குப் போடுவதில் நாம் வல்லவர்கள்! இடைவேளையில் பிஸ்கட், மதியம் தேன்மிட்டாய், மாலையில் டியூஷன் செல்லும் வழியில் ஜவ்வு மிட்டாய். இப்படியானால் நம் பற்களுக்கு ஓய்வு ஏது? "கடலைமிட்டாய் வெல்லத்தில் செய்ததுதானே" என்பார் சிலர். பல்லைப் பொறுத்தமட்டில் வெல்லமும் சர்க்கரையே.

மிட்டாயே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பகிர்ந்து உண்ணும் மகிழ்ச்சியை இழக்க யார்தான் விரும்புவார்? வாரந்தோறும் வெள்ளிக்கிழமை, அவ்வாரத்தில் பிறந்தநாள் கண்ட அனைவரும் சேர்ந்து, மதிய உணவோடு இனிப்பு வழங்கலாம். உண்டபின் அனைவரும் வாய் கொப்பளிக்கலாம். பெட்டி ஒன்றாக இருந்தால், யார் விலையுயர்ந்த சாக்லேட் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பேச்சும் எழாது. மிட்டாய் வாங்க வசதியில்லாமல் பிறந்தநாளன்று பள்ளிக்கே வராத தோழியும் அன்று மகிழ்ச்சியோடு வருவாள். இதனை ஏற்குமாறு தலைமை ஆசிரியை அவர்களையும் வகுப்பு ஆசிரியைகளையும் பணிவுடன் வேண்டுகிறோம்.

மற்றவை நம் கையில் உள்ளன. இடைவேளைக்கு வேர்க்கடலையோ கொய்யாவோ கொண்டு வருவோம். உறங்கும்போது உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால், இரவில் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்கி, அதன்பின் தண்ணீரைத் தவிர வேறொன்றும் உண்ணாதிருப்போம். வீட்டிலுள்ள தம்பி தங்கையரின் வாயைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பல்லை ஒருமுறை பார்ப்போம். கறுப்புப் புள்ளி தெரிந்தால், "அது பால் பல் அல்ல அம்மா, மருத்துவரிடம் போகலாம்" என்று சொல்வோம்.

எங்கள் தோழியின் வீட்டில் இதைச் சொல்ல அன்று யாருமில்லை. நம் வீடுகளில் நாம் இருக்கிறோம்.