ஸ்பிரிங் யாரையும் தாங்காது

பிரான்சில் கிரெனோபிளில் படிக்கும் என் பேரன் பாறை ஏறுகிறானாம். போன மாதம் வீட்டில் இதுதான் ரகளை. "ஒரு ஸ்பிரிங்கை நம்பி உயிரைத் தொங்கவிடுகிறான், நீங்களாவது கண்டியுங்கப்பா" என்று மகள் போனில் அழுதாள். கடற்கரையில் காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் சொன்னேன். ஒருவர் ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சொன்னார். இன்னொருவர், "பணம் அனுப்புவதை நிறுத்து, தானாக இறங்கிவிடுவான்" என்றார்.

கோப்பைப் படிக்காமலே 'நிராகரிக்கலாம்' என்று குறிப்பெழுதும் அதிகாரிகளோடு காலம் தள்ளியவன் நான். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பொருளைக் காட்டு என்றேன். வீடியோவில் காட்டினான்.

பிரெஞ்சில் அதற்கு 'குவேன்சேர்' என்று பெயர். இடுக்கில் சிக்கி நிற்பது என்று பொருள். ஒரு தண்டு, அதன் முனையில் அச்சில் கோத்த நான்கு அலுமினிய இதழ்கள், ஓர் இழுப்புக் கம்பி. கம்பியை இழுத்தால் இதழ்கள் சுருங்கும். பாறை வெடிப்புக்குள் நுழைத்து விட்டால் விரிந்து இருபுறச் சுவரையும் தொடும். தொட வைப்பதோடு ஸ்பிரிங்கின் வேலை முடிந்தது. விழுபவனைத் தாங்குவது அது அல்ல. அவனுடைய எடையே இதழ்களைச் சுழற்றிச் சுவரில் அழுத்துகிறது. கீழே எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவு இறுகும்.

இதழின் விளிம்பைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. மடக்கைச் சுருள்! மையத்திலிருந்து எங்கே கோடு இழுத்தாலும் வளைவோடு ஒரே கோணத்தில் நிற்கும். தெகார்த் 1638இல் எழுதிய விஷயம். யாக்கோப் பேர்னூலி தன் கல்லறையில் இதைச் செதுக்கச் சொன்னார்; பாசல் நகரத்துக் கல்தச்சர் வேறு சுருளைச் செதுக்கிவிட்டார். "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று வகுப்பில் முணுமுணுத்தோம். பதில் இப்போதுதான் கிடைத்தது. வெடிப்பு குறுகலோ அகலமோ, கோணம் மாறாது, பிடியும் மாறாது. 1970களில் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ரே ஜார்டைன் உருவாக்கிய 'ஃபிரெண்ட்ஸ்' கருவியில் அந்தக் கோணம் 13.75 டிகிரி. அறுபது கிலோ இழுத்தால், ஒவ்வொரு சுவர் மீதும் ஏறக்குறைய நூற்றிருபது கிலோ அழுத்தம்.

1978இல் அது கடைக்கு வந்தபோது, ஏமாற்று வேலை என்று சொன்ன ஏறுபவர்களும் உண்டு. அதற்கு முன் இரும்பு முளைகளை அடித்து, பிடுங்கி, பாறையைப் புண்ணாக்கியதை மறந்துவிட்டார்கள் போலும்.

ஆகவே, தெரியாமலே தடுக்கும் நண்பர்களே, நீங்கள் சொல்வது தவறு. ஆனால் "கருவிதான் இருக்கிறதே, பயமென்ன?" என்கிற இளைஞனும் உங்கள் கட்சிதான். அவனும் கோப்பைப் படிக்கவில்லை. ஈரமும் பனிக்கட்டியும் உள்ள வெடிப்பில் இது வழுக்கும். வெளிப்பக்கம் அகன்று போகும் வெடிப்பில் நிற்காது. கயிறு ஆட்டினால் இதுவும் நகர்ந்து இடம் மாறும். ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் பாறைப் பலகைக்குப் பின்னே வைத்தால், அந்த இரட்டை அழுத்தமே பலகையைப் பெயர்த்துத் தலையில் போடும்.

பேரனிடம் இவற்றைக் கேட்டேன். ஈரத்துக்குச் சரியாகச் சொன்னான். கயிறு ஆடுவதற்கு, நடுவே ஒரு பட்டை கோத்துக்கொள்வேன் என்றான். பாறைப் பலகை பற்றிக் கேட்டதும் விழித்தான். "முன்னால் போகிறவர் பார்த்துக்கொள்வார் தாத்தா" என்றான்.

"அப்படியானால் நீ முன்னால் போகாதே" என்றேன். இரண்டாவதாகப் போ. முன்னவர் வைத்த ஒவ்வொன்றையும் கழற்று. எங்கே வைத்தார், ஏன் வைத்தார் என்று பார். தட்டினால் எந்தப் பாறை வெற்றொலி தருகிறது என்று காதுக்குப் பழக்கு. அதற்கு ஒரு வருஷம் ஆனால் ஆகட்டும்.

மகளுக்கு இது போதவில்லை, தடுத்திருக்க வேண்டும் என்கிறாள். தடுத்திருந்தால் அவன் ஏறுவதை நிறுத்தியிருக்க மாட்டான், நம்மிடம் சொல்வதைத்தான் நிறுத்தியிருப்பான். அப்புறம் அந்த மூன்றாவது கேள்வியை அவனிடம் யார் கேட்பது?