சிறு நாயின் நீங்காத இருமல்: அடக்கத்தக்கதா, ஆராயத்தக்கதா?

கறவைப் பசுவொன்று நான்கு நாள் தொடர்ந்து இருமுமாயின் கமக்காரர் வாளாவிருப்பதில்லை. பால் குறைந்தமையை அளவுப் பாத்திரமே காட்டிவிடுகின்றது. உடனே மிருக வைத்தியரை நாடுகின்றனர். அதே வீட்டின் விறாந்தையிற் படுத்திருக்கும் சிறு நாய் ஒரு மாதமாக இருமினாலோ, குளிர் பிடித்துவிட்டதென்றும் வயதாகிவிட்டதென்றும் கூறி அமைகின்றனர். அந் நாய் பாலும் தருவதில்லை, முட்டையும் இடுவதில்லை. ஆதலால் அதன் நோயை அளந்து காட்டும் கருவி வீட்டாரிடம் இல்லை. அளவில்லாத நட்டம் நட்டமன்றெனத் தோன்றுகின்றது. இத் தோற்றமே பல சிறு நாய்களின் ஆயுளைக் குறைக்கின்றது.

இருமல் ஒரு நோயன்று, நோயின் அறிகுறியாகும். மூச்சுக்குழலிலோ, நுரையீரலிலோ, இருதயத்திலோ நேர்ந்த கேட்டை அது அறிவிக்கின்றது. காரணத்தை அறியாது இருமலை மாத்திரம் அடக்க முயல்வது, கள்வனைக் கண்டு குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டு வீட்டார் உறங்கச் செல்வதை ஒக்கும். சத்தம் அடங்கும், கள்வன் போகமாட்டான்.

பொமரேனியன், சிகுவாவா, யோர்க்சயர் ரெறியர் முதலிய சிறு இன நாய்களில் நீங்காத இருமலுக்கு இரண்டு காரணங்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. ஒன்று மூச்சுக்குழல் தளர்ச்சி. மூச்சுக்குழலைத் திறந்த நிலையில் வைத்திருப்பவை கசியிழையத்தாலான வளையங்களாகும். சில சிறு நாய்களில் இவ் வளையங்கள் வலுக்குன்றித் தட்டையாகின்றன. மூச்சு விடும்போது குழல் ஒடுங்குகின்றது. அப்போது எழும் இருமல் வாத்துக் கத்துவது போன்று வறண்டு ஒலிக்கும். விருந்தினரைக் கண்டு துள்ளும்போதும், கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுக்கும்போதும், நீர் அருந்தும்போதும் அது மிகும். உடல் பருத்த நாய்க்குத் துன்பம் இன்னும் அதிகம்.

மற்றையது இருதய நோய். முதிய சிறு நாய்களில் இருதயத்தின் இடப்பக்கத்து இருகூர் வால்வு தடித்துச் சரிவர மூடாது போவது பெருவழக்கு. குருதி பின்னோக்கிக் கசிய, இருதயம் பருத்து, அருகிலுள்ள மூச்சுக் கிளைக்குழலை அழுத்துகின்றது. நோய் முற்றியவிடத்து நுரையீரலில் நீர் கோக்கின்றது. இத்தகைய நாய் இரவில் அமைதியின்றி எழுந்து நடக்கும்; சிறிது தூரம் சென்றதும் களைக்கும்; சிலவேளை மயங்கி விழும்.

இவையன்றித் தொற்று நோய்களும் உண்டு. பல நாய்கள் கூடும் இடங்களிலிருந்து தொற்றும் இருமல், போடெற்றெல்லா எனும் பற்றீரியாவாலும் சில வைரசுக்களாலும் உண்டாவது. உடல்வலுவுள்ள நாயில் இது பெரும்பாலும் 3 கிழமைகளுக்குள் தணியும். குட்டிகளிலோ நியூமோனியாவாக மாறக்கூடும். இருமலுடன் கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்து, காய்ச்சலும் கழிச்சலும் காணப்படின் டிஸ்ரெம்பர் நோயென ஐயுறல் வேண்டும். நுளம்பினாற் பரவும் இருதயப் புழுவும் வெப்ப நாடுகள் பலவற்றில் இருமலுக்குக் காரணமாகின்றது. ஆயினும் இலங்கை நாய்களிற் பெரிதும் காணப்படுவது தோலின் கீழ் வாழும் வேறோர் இனப் புழுவாகும். ஆகையால் குருதியிற் புழுக்குஞ்சு தென்பட்ட மாத்திரத்தே அதுதான் இருமலின் காரணம் என முடிவு செய்தல் பொருந்தாது.

இவ்வாறு ஒரே ஓசையின் பின்னே வேறுபட்ட பல கேடுகள் மறைந்திருக்கின்றன. ஒன்றற்கு உகந்த மருந்து மற்றொன்றற்குத் தீங்காகலாம். மூச்சுக்குழல் தளர்ந்த நாயில் இருமல் மேலும் இருமலைத் தூண்டுவதால், வைத்தியர் அதனை அடக்கும் மருந்து கொடுப்பது முறையே. நியூமோனியாவுற்ற நாயிலோ இருமல்தான் சளியை வெளியேற்றுகின்றது. அதனை அடக்கினால் சளி உள்ளே தங்கி நோய் முற்றும். இவ்விரண்டையும் ஓசையைக் கேட்டு மாத்திரம் பிரித்தறிதல் வீட்டாரால் இயலாது.

எனினும், வீட்டில் எஞ்சிய பாணி மருந்தையும் மாத்திரையையும் நாய்க்குக் கொடுக்கும் வழக்கம் ஓயவில்லை. இதன் தீமையை ஒரு சிறு கணக்கு விளக்கும். 60 கிலோகிராம் நிறையுள்ள மனிதர் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் மாத்திரை ஒன்றை உட்கொண்டால், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 8 மில்லிகிராம் சேர்கின்றது. அதே மாத்திரையை 3 கிலோகிராம் நிறையுள்ள நாய்க்குக் கொடுத்தால் அது ஏறத்தாழ 167 மில்லிகிராமாகின்றது. இவ்வளவு அதன் ஈரலைக் கெடுக்கப் போதியது. இபுபுரோபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் புண்படுத்தும். சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிற்றோல் சேர்த்த பாணி மருந்துகள் நாயின் குருதியிலுள்ள வெல்லத்தை விரைவில் தாழ்த்தி உயிருக்கே இறுதி விளைவிக்கும். அன்பினால் ஊட்டப்பட்டாலும் நஞ்சு நஞ்சேயாகும்.

தொண்டையில் எலும்பு சிக்கியது போன்று நாய் திணறும்போது வாய்க்குள் விரலை விட்டுத் தேடுவோர் உளர். இது மிகவும் அபாயமான செயலாகும். விசர் நோயுற்ற நாயின் தொண்டைத் தசைகள் செயலிழப்பதால், அது விழுங்கமாட்டாது, தாடை தொங்க, உமிழ்நீர் வடிய நிற்கும், குரலும் மாறும். அந்நிலை எலும்பு சிக்கிய நிலையை முற்றிலும் ஒத்திருக்கும். விசர் நோய் இலங்கையிலிருந்து இன்னும் முற்றாக ஒழிந்திலது. இத்தகைய நாயைத் தனியே அடைத்து வைத்து மிருக வைத்தியருக்கு அறிவித்தலே தக்கது. உமிழ்நீர் காயத்திலோ கீறலிலோ பட்டிருப்பின், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிய பின், தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நாயொன்றிற்காக வைத்தியரிடம் செல்வதும் பணம் செலவிடுவதும் மிகையெனச் சிலர் கருதுவர். வருவாய் குறைந்த குடும்பத்தினர் அவ்வாறு எண்ணுவது இயல்பே. அதனை இகழ்தல் தகாது. ஆயினும் காலந்தாழ்த்துவதால் செலவு குறைவதில்லை, பெருகவே செய்கின்றது. இருதயம் பருத்தும் இன்னும் செயலிழவாத நாய்களுக்குப் பிமோபெண்டான் எனும் மருந்து கொடுத்தால், இருதயச் செயலிழப்பு நேரும் காலம் ஏறத்தாழ 15 மாதம் தள்ளிப்போகின்றதென 2016ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. சராசரி ஆயுள் பதினைந்தாண்டுக்கு உட்பட்ட ஒரு பிராணிக்கு இது சிறிய காலமன்று. இப்பயன் உரிய காலத்திற் காரணம் அறிந்தவர்க்கே கிட்டும். நுரையீரலில் நீர் கோத்த பின், நள்ளிரவில் வாகனம் தேடி ஓடுவோருக்குச் செலவும் மிகுதி, நம்பிக்கையும் குறைவு.

பணமின்றிச் செய்யக்கூடிய காரியங்களும் பல உள. நாய் அயர்ந்து உறங்கும்போது அதன் விலா உயர்ந்து தாழ்வதை 30 வினாடி எண்ணி, அதனை இரட்டித்தால் ஒரு நிமிடத்திற்குரிய சுவாச எண்ணிக்கை கிடைக்கும். அது 30க்கு மேற்பட்டே தொடர்ந்து நிற்குமாயின், வைத்தியரிடம் செல்லத் தாமதிக்கலாகாது. இருமல் எந்நேரத்தில் எழுகின்றது, எதன்பின் மிகுகின்றது என்பவற்றைத் தாளிற் குறித்து வைத்தல் வேண்டும். இயலுமாயின் கைத்தொலைபேசியில் இருமலைப் படம்பிடித்துக் காட்டுவது வைத்தியருக்குப் பேருதவியாகும்; ஏனெனில், வீட்டில் ஓயாது இருமும் நாய் வைத்தியர்முன் பெரும்பாலும் இருமுவதில்லை.

கழுத்துப்பட்டியை நீக்கி மார்புப்பட்டி அணிவித்தல், விறகடுப்புப் புகையும் நுளம்புச் சுருட் புகையும் சிகரெட்டுப் புகையும் படாத இடத்தில் படுக்கவைத்தல், பருத்த நாயின் உணவை அளந்து கொடுத்தல், கடும் வெயிலில் நடத்தாதிருத்தல் ஆகியவை எந்த இருமலுக்கும் நன்மை தருவன. தொற்றென ஐயமுண்டாயின் அயல் நாய்களுடன் சேரவிடாது பிரித்து வைத்தல் அயலாருக்குச் செய்யும் கடமையாகும். நாக்கும் ஈறும் நீலம் பாய்ந்தாலோ, நாய் படுக்கமாட்டாது கழுத்தை நீட்டி மூச்சுக்குத் தவித்தாலோ அன்றைய பொழுதும் பொறுத்திருத்தல் ஆகாது. உணவு உண்டு உற்சாகமாயுள்ள நாயேயாயினும், இருமல் ஒரு கிழமைக்கு மேல் நீடிப்பின் அதனை அண்மையிலுள்ள அரச மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். எக்ஸ்கதிர்ப் படமும் இருதயப் பரிசோதனையும் தேவைப்படுமிடத்து, அவர் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் பீடத்து வைத்தியசாலை போன்ற வசதியுள்ள இடங்களுக்கு வழிகாட்டுவர்.

சிறு நாய் தானாக வீடு தேடி வருவதன்று. பெரும்பாலும் மனிதர் விரும்பி விலை கொடுத்துக் கொணர்வதேயாகும். அதன் குறுகிய உருவையும் மெல்லிய கழுத்தையும் விரும்பியவர்கள், அவ்வுருவோடு கூடிவரும் நோய்களுக்கும் பொறுப்பேற்றல் நீதியாகும். நாய்க்கு நோயைக் கூறும் மொழி வேறில்லை. இருமலே அதன் மொழி. அதனை அடக்குவதற்கு முன் அது கூறுவது யாதென அறிதல் வளர்ப்போரின் முதற் கடமையாகும்.