இட்டிலிக் கணக்கு

எதிர் வீட்டு அம்மாளுக்கு இரண்டு மருமகள்கள். ஒரே அடுப்பு, ஒரே சமையல், ஒரே எண்ணெய். ஆனால் காலையில் இட்டிலி பரிமாறும்போது மட்டும் கணக்கு இரண்டு விதம். சின்ன மருமகள் ஒல்லி. அவள் ஆறு தின்ற பிறகும், "பாவம், உடம்பில் ஒட்டவே மாட்டேன் என்கிறதே!" என்று ஏழாவது இட்டிலி தட்டில் விழும். மூத்தவள் பருமன். அவள் மூன்றாவதுக்குக் கை நீட்டினால் அம்மாள் முதலில் இட்டிலியைப் பார்ப்பார். பிறகு மருமகளைப் பார்ப்பார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சொன்னால்கூடத் தேவலை!

"ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திட்டேன், அக்கா. அப்படியும் ஒளிச்சு வச்சுத் திங்கறேன்னுதான் நினைக்கிறாங்க" என்று மாடிப்படியில் நின்றபடி அந்தப் பெண் ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்காகத்தான் சில ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன். அவளுக்கு அவற்றில் ஆறுதல் இருந்தது. அதே வீட்டில், நாங்கள் யாரும் நினைத்தும் பாராத இன்னொருவருக்கு எச்சரிக்கையும் இருந்தது.

கனடாவில் க்வீபெக் நகரத்து லவால் சர்வகலாசாலையில் க்ளோட் பூஷார் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஒரு விசித்திரமான விருந்து வைத்தார்கள். விருந்தாளிகள் 12 ஜோடி இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சில் வார்த்தாற்போன்ற வாலிபர்கள். அவர்களை மாணவர் விடுதியில் தங்க வைத்து, ஓடியாட விடாமல், அவரவர் தேவைக்கு மேல் தினம் ஆயிரம் கலோரி அதிகமாக உண்ணச் செய்தார்கள். நம் வீட்டுக் கணக்கில், வயிறார உண்டு எழுந்தவனை மறுபடி உட்கார வைத்து இன்னொரு முழுச் சாப்பாடு போடுவது போல. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 84 நாள்!

உபரி எல்லாருக்கும் ஒரே அளவுதானே? எடையும் ஒரே அளவாகத்தானே ஏறியிருக்க வேண்டும்? ஏறவில்லை. சராசரியாக 8 கிலோ கூடியது. ஆனால் ஒருவருக்குக் கூடியது 4.3 கிலோதான், இன்னொருவருக்கோ 13.3 கிலோ. வேடிக்கை என்னவென்றால், அண்ணன் பூசினால் தம்பியும் அநேகமாக அதே அளவு பூசினான். கொழுப்பு வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்ததா, வேறு இடத்திலா என்பதில்கூட இரட்டையர் ஒருவரை ஒருவர் ஒத்திருந்தார்கள். 1990-ல் இந்த முடிவுகள் வெளியாயின. அதற்கு நான்கு வருஷம் முன்பே டென்மார்க்கில் சுவீகாரம் போன 540 பேரை ஆராய்ந்திருந்தார்கள். அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்ததே தவிர, எடுத்து வளர்த்துச் சோறு போட்டவர்களை ஒத்திருக்கவில்லை.

எதிர் வீட்டு அம்மாளிடம் இதைச் சொன்னேன். "அப்போ வாயைக் கட்டவே வேண்டாங்கறியா?" என்று மடக்கினார்.

அந்த வாயை யார் கட்டுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் உடம்புக் கொழுப்பு வெறும் மூட்டை அல்ல, அது பேசும். 'இருப்பு போதும், இனிப் பசி அடங்கலாம்' என்று மூளைக்குச் சேதி சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனை அது சுரக்கிறது. 1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மூன்று வருஷம் கழித்து இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் டாக்டர்களிடம் இரண்டு குழந்தைகள் வந்தார்கள். இருவரும் உறவுக்காரர்கள். மூத்த பெண்ணுக்கு வயது 8, எடை 86 கிலோ! எவ்வளவு தின்றாலும் தீராத பசி. பரிசோதித்தால் இரண்டு குழந்தைகள் உடம்பிலும் லெப்டின் இல்லவே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. ஊசி மூலம் அதைக் கொடுத்ததும் அந்தப் பெண்ணின் பசி அடங்கியது. ஒரே வருஷத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள். அதுவரை அவளை எத்தனை பேர் 'தீனிப் பண்டாரம்' என்று ஏசியிருப்பார்கள், சொல்லுங்கள்!

இது லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத அபூர்வக் குறை. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு மரபணு அல்ல, நூற்றுக்கணக்கானவை சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. சாதாரணமாகக் காணப்படுவதில் மிகவும் பலமானது என்று 2007-ல் பெயர் வாங்கிய மரபணுவே, தாய் வழி ஒன்று தந்தை வழி ஒன்று என்று இரண்டும் வந்து சேர்ந்தால் சுமார் 3 கிலோதான் கூட்டுகிறது. பருமனால் கெடுதலே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால் எல்லாவற்றுக்கும் அது பகைதான். ஆனால் ராத்திரிப் பட்டினியால் அதை விரட்டுவது கடினம். எடை குறைந்ததும் உடம்பு தன் செலவையும் சுருக்கிக்கொண்டு, பசியை அதிகமாக்கிவிடுகிறது. சிக்கனத்தில் நம் மாமியார்களையும் மிஞ்சிவிடும்!

சரி, எச்சரிக்கை யாருக்கு என்று கேட்கிறீர்களா? அதற்குப் புனாவுக்குப் போகவேண்டும்.

புனாவில் யாஜ்னிக் என்று ஒரு டாக்டர். லண்டனில் யுட்கின் என்று அவருடைய நண்பர், அவரும் டாக்டர். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. இருவருமே மெலிந்தவர்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்று அளந்து பார்த்தபோது லண்டன்காரருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! 2004-ல் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் தங்கள் படத்தையே போட்டு இதை வெளியிட்டார்கள். லண்டன்காரர் நீண்ட தூர ஓட்டக்காரராம். யாஜ்னிக்கின் ஓட்டமோ, காலையில் ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடுவதற்குள் போய்ச் சேர்வது! கேலி தம்மைப் பற்றியே என்பதால் அந்த டாக்டரை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் ஓடாதது மட்டும் காரணமில்லை. புனாவுக்கு அருகே கிராமத்துத் தாய்மாரின் குழந்தைகளை யாஜ்னிக் குழுவினர் அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவை 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்றுச் சுற்றளவும் குறைவு. ஆனால் முதுகுத் தோலின் கீழுள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லிப் பிள்ளை, உள்ளே கொழுப்புப் பிள்ளை! மரபணுவோடு, வயிற்றில் இருந்தபோது தாய்க்குக் கிடைத்த ஆகாரமும் சேர்ந்து எழுதிய கணக்கு இது என்று கருதுகிறார்கள். தொடையில் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு பெட்டியில் பூட்டிய பணம் மாதிரி, சும்மா கிடக்கும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அப்படியல்ல. ஈரலுக்குள் புகுந்து, இன்ஸுலினை வேலை செய்யவிடாமல் தடுத்து, ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. தராசுக்கு இது தெரியாது.

இதைப் படித்தபோது எனக்கு எதிர் வீட்டு மூத்த பிள்ளையின் ஞாபகம் வந்தது. மூங்கில் போன்ற கைகால்கள். எப்போதும் தொளதொளவென்று சட்டை. அவர் இட்டிலியை யாரும் எண்ணியதில்லை. அந்த வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படம் ஒன்று உண்டு. அவருடைய தகப்பனார், 51 வயதில் மாரடைப்பு. தகப்பனாருக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்குள், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்குள் இருதய நோய் வந்திருந்தால், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பயந்து நடுங்கவும் வேண்டியதில்லை. ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து 2016-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், பரம்பரை அபாயம் மிகுந்தவர்களிலும், புகைக்காமல், நடமாடி, நல்ல ஆகாரம் உண்டு, பருமனாகாமல் இருந்தவர்களுக்கு இருதய நோய், அப்படி இராதவர்களைவிடப் பாதியளவுக்கே வந்திருக்கிறது. நம் சமையலறையில் நல்ல ஆகாரம் என்பது பெரிய வித்தையல்ல. சோற்றுக் குன்றைச் சற்று இறக்கி, பருப்பையும் காயையும் ஏற்றுவது. பொரித்த எண்ணெயையே மறுபடி காய்ச்சாமல் இருப்பது. மூன்றாவது காப்பியின் சர்க்கரையை மறப்பது. இவை ஒல்லி மருமகளுக்கும் பருமன் மருமகளுக்கும் ஒன்றுதான்.

மூத்த மருமகள் தையல் தெரிந்தவள். அவளிடம் இதையெல்லாம் சொல்லி, அளவு நாடாவை எடுக்கச் சொன்னேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம்மவர்களில் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது 31½ அங்குலம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், 35½ அங்குலம். அதைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனைக்குப் போவது நல்லது.

புருஷன் சட்டைக்குள் நாடாவை விட்டவள், "முப்பத்தேழரை!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று யாரும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை 230. டாக்டர் மாத்திரை கொடுத்து, இருதயப் பரிசோதனைக்கும் எழுதித் தந்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை போகிறார்கள்.

நேற்றுக் காலை அம்மாள் நாடாவும் கையுமாகக் கூடத்தில் நின்றார். "இவளுக்கும் அளந்து பாரு" என்று சின்ன மருமகளைக் காட்டினார். அடுத்த முறை தன்னுடையது என்று தெரிந்துகொண்ட சின்னப் பிள்ளை, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிவிட்டார்.