இரவல் பட்டு

நுழையும்முன்

உண்ணும் உணவைப் போலவே உடுத்தும் ஆடைக்கும் நிலமும் நீரும் மனித உழைப்பும் செலவாகின்றன. ஆடையை விலைகொடுத்து வாங்குவதற்கு மாற்றாக, வாடகைக்கு எடுத்து உடுத்தும் வழக்கம் இன்று நகரங்களில் பரவி வருகிறது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதா? எத்தகைய ஆடைக்கு அது பொருந்தும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்பது நம் ஊர்களில் வழங்கும் பழமொழி. பிறர் பொருளை நம்பித் தன் பொருளைக் கைவிடுவோரை எள்ளி நகையாடும் சொல் அது. இரவல் ஆடை இழிவானது என்னும் எண்ணமும் அதற்குள் மறைந்திருக்கிறது. கந்தையே ஆனாலும் தன்னுடையதே மேல் என்று எண்ணிய காலத்தில், ஒரு குடும்பத்தின் ஆடைகள் அனைத்தும் ஒரு கொடியில் அடங்கின. இன்றோ அலமாரியின் கதவு மூட மறுக்கிறது. ஆயினும், திருமண அழைப்பிதழ் வந்த அன்று மாலையில் அதே அலமாரியின் முன் நின்று, “உடுத்துவதற்கு ஒன்றுமே இல்லை” என்கிறோம்.

இக்கூற்று பொய்யன்று. உடுத்த ஆடை இல்லை என்பது அதன் பொருளுமன்று. பிறர் பார்த்திராத ஆடை இல்லை என்பதே அதன் பொருள். இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால், வாடகை ஆடை என்னும் புதிய வணிகம் எங்கிருந்து முளைத்தது என்பது விளங்கும்.

தங்கையின் ஆடையில் பிறந்த தொழில்

அமெரிக்காவைச் சேர்ந்த ஜெனிபர் ஹைமன், தம் தொழில் தொடங்கிய கதையைப் பலமுறை பொதுவெளியில் கூறியிருக்கிறார். ஒரு திருமணத்திற்குச் செல்லவிருந்த அவருடைய தங்கை, தம் வருவாய்க்கு மீறிய விலையில் ஓர் ஆடையை வாங்கினார். அவரிடம் நல்ல ஆடைகள் இல்லாமல் இல்லை. அவற்றை உடுத்திய படங்கள் அனைத்தும் முகநூலில் ஏற்கெனவே வெளிவந்துவிட்டன என்பதே அவருடைய குறை. அதனைக் கண்ட ஹைமன், தம்முடன் பயின்ற ஜெனிபர் பிளைஸ் என்பவருடன் இணைந்து 2009ஆம் ஆண்டில் ‘ரென்ட் தி ரன்வே’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

முதலில் விருந்துக்குரிய விலையுயர்ந்த ஆடைகளே வாடகைக்கு விடப்பட்டன. 2016ஆம் ஆண்டில் மாதச் சந்தா முறை வந்தது. நூலகத்தில் உறுப்பினராவது போன்றதே இம்முறை. மாதந்தோறும் ஒரு தொகையைச் செலுத்துவோர், இணையத்தில் தமக்கு வேண்டிய ஆடைகளைத் தேர்ந்தெடுக்கலாம். அவை பையில் இடப்பட்டு வீட்டிற்கு வரும். உடுத்தியபின் துவைக்காமலேயே திருப்பி அனுப்பலாம். நிறுவனம் அவற்றைத் தூய்மைசெய்து, அறுந்த பொத்தானைத் தைத்து, அடுத்தவருக்கு அனுப்பும். இவ்வாறு ஓர் ஆடை பலருடைய தோள்களில் ஏறி இறங்குகிறது.

இவ்வழக்கம் நமக்கு முற்றிலும் புதியதன்று. நாடகக் குழுவினர் அரசவேடத்திற்குரிய உடையையும் முடியையும் வாடகைக்கே எடுத்தனர். பள்ளி ஆண்டுவிழாவில் பரதம் ஆடும் சிறுமிக்கு நடன உடையும் அணிகலன்களும் வாடகைக் கடையிலிருந்தே வருகின்றன. மணமகன் வரவேற்பில் அணியும் கோட்டும் அவ்வாறே. ஒரு நாள் தேவைக்கு ஒரு பொருளை வாங்கிக் காலமெல்லாம் காப்பது வீண் என்பதை நம்மவர் முன்பே உணர்ந்திருந்தனர். விழாவிற்கென இருந்த வழக்கத்தை அன்றாட வாழ்விற்கும் விரித்தது சந்தா முறை.

ஆடையின் மறைந்த விலை

ஆடை வாங்குவதைக் குறைக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறோம்? கடையில் நாம் கொடுக்கும் பணம் ஆடையின் முழுவிலை அன்று. பருத்தி விளைவது முதல் தைத்து முடிப்பது வரை ஒரு பருத்திப் பனியனுக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என உலக இயற்கை நிதியம் மதிப்பிட்டுள்ளது. நாளொன்றுக்கு 3 லிட்டர் நீர் பருகும் ஒருவருக்கு அது 900 நாள்களுக்குப் போதுமானது.

நீரைச் செலவிடுவதோடு ஆடை நிற்பதில்லை. நீரைக் கெடுக்கவும் செய்கிறது. இதற்குச் சான்று தேடி நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. திருப்பூரின் பின்னலாடைகள் உலகெங்கும் செல்கின்றன. அவற்றுக்கு நிறமேற்றிய சாயக்கழிவு நீண்ட காலம் நொய்யலாற்றில் கலந்தது. உழவர்களின் பாசனத்திற்காக நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, அவர்களே அஞ்சும் கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011ஆம் ஆண்டு சனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறையை ஏற்ற பின்னரே ஆலைகள் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

மனித உயிரும் அவ்விலையில் அடங்கும். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவர் என்னுமிடத்தில், ஆடைத் தொழிற்கூடங்கள் இயங்கிய ‘ராணா பிளாசா’ என்னும் எட்டுமாடிக் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் கண்டும், தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். மேலைநாட்டுக் கடைகளுக்குரிய ஆடைகளைக் குறைந்த செலவில், குறித்த நாளில் தைத்து முடிக்க வேண்டிய நெருக்கடியில் அவர்கள் உழைத்தார்கள்.

இத்தனை விலை கொடுத்துப் பெற்ற ஆடையை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? 2000 முதல் 2015 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் உலக ஆடை உற்பத்தி ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஓர் ஆடை கைவிடப்படும் முன் உடுத்தப்படும் எண்ணிக்கையோ 36 விழுக்காடு குறைந்தது. எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கை தரும் செய்தி இது. பெருக வாங்குகிறோம், அருகி உடுத்துகிறோம்.

அம்மாவின் சிவப்புச் சேலை

சென்ற ஆண்டு என் தங்கையின் மகள் தன் திருமண வரவேற்பிற்குச் சரிகை வேலைப்பாடு மிக்க பாவாடை தாவணியை வாடகைக்கு எடுக்க விரும்பினாள். விலைக்கு வாங்கினால் நாற்பதாயிரம் ரூபாய். வாடகை ஆறாயிரம் ரூபாய். முன்பணம் தனி. செய்தியறிந்த என் தாயார், “மணப்பெண் இரவல் துணியையா உடுத்துவது?” என்று முகம் சுளித்தார். “ஒரு மாலைப்பொழுதிற்குத்தானே அம்மாச்சி” என்றாள் பேத்தி. அம்மா விடையேதும் கூறவில்லை.

மறுநாள் அம்மா தம் மரப்பெட்டியைத் திறந்து, தம் திருமணத்தின்போது உடுத்திய சிவப்புப் பட்டுச்சேலையை எடுத்துக் காட்டினார். அச்சேலையை எங்கள் தெருவில் மேலும் நான்கு மணப்பெண்கள் உடுத்தியிருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். பட்டு வாங்க வசதியில்லாத வீட்டிலிருந்து முதல்நாள் இரவு ஒருவர் வந்து கேட்பார். திருமணம் முடிந்ததும் மடித்துக்கொண்டுவந்து கொடுப்பார். எவரும் வாடகை கேட்டதில்லை. எவரும் அதை வெளியில் சொன்னதுமில்லை. “அதுவும் இரவல்தானே அம்மாச்சி?” என்று பேத்தி கேட்டாள். அம்மா சிரித்துவிட்டார்.

வரவேற்பு இனிதே முடிந்தது. மூன்றாம் நாள் ஆடை கடைக்குத் திரும்பிற்று. முப்பத்து நான்காயிரம் ரூபாய் மிஞ்சியது. அன்று மாலை, மணமக்கள் உறவினர் வீட்டு விருந்துக்குச் சென்றபோது அவள் அந்தச் சிவப்புச் சேலையை உடுத்திக்கொண்டாள். வாடகை ஆடையைப் பற்றி நான் கொண்டிருந்த ஐயங்களில் பாதி அன்று நீங்கிற்று. மற்றொரு பாதி நீங்கவில்லை.

நீங்காத ஐயங்கள்

விழா ஆடைக்குப் பொருந்தும் ஒன்று அன்றாட ஆடைக்கும் பொருந்துமா? பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. ஒரு ஜீன்ஸ் காற்சட்டையை வழக்கம்போல் உடுத்தி எறிதல், நீண்ட நாள் உடுத்துதல், பழையதை மற்றவருக்கு விற்றல், மறுசுழற்சி செய்தல், வாடகைக்கு எடுத்தல் ஆகிய ஐந்து வழிகளையும், அவை புவி வெப்பமாதலுக்குத் தரும் பங்கைக்கொண்டு அவர்கள் ஒப்பிட்டார்கள். நீண்ட நாள் உடுத்துவதே மிகக் குறைந்த தீங்குடையது. மிகுந்த தீங்குடையது எது தெரியுமா? வாடகை முறைதான். ஆடையை எடுக்கவும் திருப்பவும் ஊர்திகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதே காரணம். குறைந்த மாசுள்ள போக்குவரத்து அமைந்தால் இத்தீங்கு பெரிதும் தணியும் என்பதையும் அவ்வாய்வு சுட்டியது.

சலவையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் சட்டையை நாமே உடுத்தும்போது, தேவையானால் மட்டுமே துவைக்கிறோம். வாடகை ஆடையை ஒவ்வொருவர் உடுத்தியபின்னும் தூய்மைசெய்தே தீரவேண்டும். பட்டும் சரிகையும் பெரும்பாலும் உலர்சலவைக்கே செல்கின்றன. அதில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் பெர்குளோரோஎத்திலீன் என்னும் வேதிப்பொருள் உடலுக்குத் தீங்கு பயப்பது. உலர்சலவையிலிருந்து அதனைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நீக்குவதற்கான விதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் வெளியிட்டது.

இவற்றைவிடப் பெரிய ஐயம் ஒன்றுண்டு. ‘ஒருமுறை உடுத்தியதை மறுமுறை உடுத்தக்கூடாது’ என்னும் கூச்சத்திலிருந்தே இத்தொழில் பிறந்தது. சந்தா முறை அக்கூச்சத்தை நீக்குவதில்லை. அதற்குத் தீனி போடுகிறது. மாதந்தோறும் புதியது, வாரந்தோறும் புதியது என்று பழகிய கண், சொந்த ஆடையை மேலும் விரைவில் சலித்துக்கொள்ளும். வாங்குவதைக் குறைக்க வந்த வழி, புதுமையின் மீதுள்ள வேட்கையை வளர்த்துவிடலாம்.

உடுத்தும் கணக்கு

ஆகவே, வாடகையா விலையா என்று கேட்பதற்கு முன் மற்றொன்றைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து: ‘இதனை எத்தனை முறை உடுத்துவேன்?’ எளிய கணக்குதான். பதினைந்தாயிரம் ரூபாய்ப் பட்டாடையை மூன்று முறை உடுத்தினால், ஒருமுறைக்கான விலை 5,000 ரூபாய். அறுநூறு ரூபாய்ச் சட்டையை 120 முறை உடுத்தினால், ஒருமுறைக்கான விலை 5 ரூபாய். முதலாவதை வாடகைக்கு எடுப்பது அறிவுடைமை. இரண்டாவதை வாங்கி, தேயும்வரை உடுத்துவதே அறிவுடைமை. அருகிலுள்ள கடையில் வாடகைக்கு எடுப்பது, தொலைவிலிருந்து தருவிப்பதினும் நன்று. உறவினரிடமோ தோழியிடமோ இரவல் பெறுவது அதனினும் நன்று.

இங்கு ஒரு கேள்வி எழும். நாம் குறைவாக வாங்கினால், ஆடைத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் என்னாவது? புறந்தள்ளக்கூடிய கேள்வி அன்று இது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு தையல் எந்திரத்தின் ஓசையால் எரிகிறது. ஆனால், நாலுமுறை உடுத்தி எறியும் மலிவு ஆடை அவ்வீடுகளை வாழவைக்கவில்லை. கூலியைத் தாழ்த்தியே அது மலிவாகிறது. நீடித்து உழைக்கும் ஆடைக்கு நேர்மையான விலையும், தைத்தவருக்கு நேர்மையான கூலியும் கொடுக்க நாம் முன்வர வேண்டும். பழுது பார்ப்பதும் ஒரு தொழிலே. பிரான்சு நாட்டில் 2023ஆம் ஆண்டு இறுதி முதல் ஆடையையும் காலணியையும் சீர்செய்வோருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதி சலுகையாகக் குறைக்கப்படுகிறது. நம் தெருமுனைத் தையற்காரர் அத்தகைய சலுகை ஏதுமின்றியே கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் செல்வோர்தாம் குறைந்துவிட்டனர். மாற்றம் ஒரே நாளில் வாராது. வாங்குவோரின் பழக்கம் மாறாமல் அது தொடங்கவும் தொடங்காது.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றும் நம் முன்னோர் கூறினர். பழையதை உடுத்துவது அவர்களுக்கு இழிவாகத் தோன்றவில்லை. அழுக்காக உடுத்துவதே இழிவாகத் தோன்றியது. பள்ளியில் வண்ண ஆடை உடுத்த இசைவு தரும் நாளில், ‘போன முறையும் இதைத்தானே போட்டு வந்தாய்?’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சி வீட்டிலேயே தங்கிவிடும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் அவ்வொரு சொல்லுக்காகக் கடன்படுகிறார்கள். அச்சொல்லை நாம் சொல்லாதிருக்கச் செலவு ஏதுமில்லை. ஒருபடி மேலே சென்று, போன முறை உடுத்திய அதே ஆடையைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் உடுத்தி, நாமே முதலில் வகுப்பறைக்குள் நுழையலாம். நமக்குப் பின்னால் வருபவருக்கு அன்று அச்சம் இராது.